டி. பி. இராஜலட்சுமி அம்மையார்

1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில், சென்னை சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தருகே விந்தையான காட்சியொன்று நிகழ்ந்தது. பம்பாயிலிருந்து வந்திறங்கிய ஒரு பெட்டியை வரவேற்க மக்கள் திரண்டு நின்றனர். வால்டாக்ஸ் சாலை வழியே, கினிமா சென்ட்ரல் என்னும் படக்கொட்டகை வரையில், அப்பெட்டி ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பெற்றது. வழியெங்கும் மலர் தூவினர்; தேங்காய் உடைத்தனர்; ஊதுவத்தி கொளுத்தினர். திருவிழா நாளில் உலா வரும் தெய்வத்துக்குச் செய்யும் சிறப்பெல்லாம் அப்பெட்டிக்குச் செய்தனர். அதனுள் இருந்தவை படச்சுருள்களே. ஆயினும், அதுகாறும் தமிழ்நாட்டு மக்கள் கண்டிருந்த படச்சுருள்களினின்றும் அவை வேறுபட்டவை. அவற்றில் ஒரு பெண்ணின் குரல் பதிவாகியிருந்தது, அக்குரல் தமிழ் பேசியது, தமிழ் பாடியது.

அப்படம் 'காளிதாஸ்' என்பது. அதில் தமிழ் பேசிய பெண், திருவையாற்றில் பிறந்த இராஜலட்சுமி என்பவர். அப்போது அவருக்கு இருபது வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தன.

இன்று ஒரு படத்தில் நடிகை பேசுவது வியப்பன்று. அன்று அது ஏன் அத்துணை வியப்பாயிற்று என்பதை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த ஊமைப்படங்களின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஊமைப்படத்தில் உருவங்கள் நடமாடும், வாயசைக்கும், ஒலி மட்டும் வாராது. நடிகர் பேசுவது இன்னதென்பதை இடையிடையே திரையில் தோன்றும் எழுத்துகள் தெரிவிக்கும். எழுத்தறிந்தோர் சிலராகவும் அறியாதோர் பலராகவும் இருந்த காலம் அது. ஆதலால், கொட்டகைகளில் உரத்த குரலுடைய ஒருவர் திரையருகே நின்று, அவ்வெழுத்துகளைப் படித்துக் காட்டிக் கதையை விளக்குவார். நல்ல விளக்குநர் வாய்த்துவிட்டால் படத்தைக் காட்டிலும் அவர் பேச்சுக்கே கூட்டம் சேர்வதும் உண்டு. சண்டைக் காட்சி வந்தால் வாத்தியங்கள் முழங்கும். சோகக் காட்சி வந்தால் ஆர்மோனியம் அழும். எனவே, ஊமைப்படக் கொட்டகை என்பது அமைதியான இடம் என்று எண்ணிவிடலாகாது. அங்கே ஊமையாக இருந்தவர்கள் திரையில் தோன்றியவர்கள் மட்டுமே.

தமிழ்நாட்டில் இக்கலையை ஊர்தோறும் கொண்டு சென்றவர்களுள் முதல்வராகக் குறிக்கத்தக்கவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுத்தராக இருந்த அவர், 1905இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியொன்றை விலைக்கு வாங்கி, வேலையைத் துறந்து, கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குப்பின், சென்னையில் மோட்டார் வண்டிப் பொருள் வாணிகம் செய்துவந்த நடராச முதலியார், 'கீசக வதம்' என்ற படத்தைத் தாமே எடுத்துத் தென்னாட்டுக் கதைப்படங்களுக்கு வித்திட்டார்.

படம் எடுக்கக் கருவி கிடைத்தது, கதையும் கிடைத்தது. பெண் வேடம் பூணப் பெண்கள்தாம் கிடைக்கவில்லை. திரையில் முகம் காட்டுவது குலப்பெண்களுக்கு இழுக்கு என்று அக்காலச் சமூகம் கருதியது. 1913இல் தாதாசாகிப் பால்கே 'இராசா அரிச்சந்திரா' எடுத்தபோது, சந்திரமதி வேடத்தில் நடித்தவர் சாலுங்கே என்னும் ஆண்மகனார். அவர் உணவு விடுதியொன்றில் சமையல் செய்துவந்தவர். அவரே பின்னொரு படத்தில் இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார்! அதே 1913ஆம் ஆண்டில் பால்கே எடுத்த 'மோகினி பஸ்மாசுர்' என்னும் படத்தில் துர்க்காபாய் காமத் என்பவரும் அவர்தம் மகள் கமலாபாயும் துணிந்து நடித்தனர். இந்தியப் படத்தில் நடித்த முதற்பெண்கள் அவர்களே. எனினும், அவர்களைப் பின்பற்ற முன்வந்தோர் மிகச் சிலர். ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் இந்தியப் பெயர் புனைந்து நாயகியராயினர். நடராச முதலியாரும் தம் திரௌபதி படத்துக்கு ஆங்கிலோ-இந்தியப் பெண் ஒருவரையே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அப்பெண் பேசிய மொழி எதுவாயினும் கேடில்லை, திரைதான் பேசாதே!

இந்நிலையில்தான் திருவையாற்றுப் பெண் திரைக்கு வந்தார்.

அவர் பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தந்தையையும் குறிக்கும். திருவையாறு பஞ்சாபகேச சாத்திரியாரின் மகளாக 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் இராஜலட்சுமி பிறந்தார். காவிரிக் கரையில் அமைந்த அவ்வூர் இசைக்குப் பேர்பெற்றது. தியாகராசர் வாழ்ந்து மறைந்த மண். ஒரு முறை கேட்ட பாட்டை அவ்வாறே திருப்பிப் பாடும் ஆற்றல் அக்குழந்தைக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. ஆனால், அந்நாளைய வழக்கப்படி, பத்து வயது நிறைவதற்கு முன்னரே அவருக்கு மணம் முடித்துவிட்டனர். மணம் என்பது இன்னதென்று அறியும் பருவமன்று அது. அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. சிறுமி தாய்வீடு திரும்பினாள். சில காலத்துள் தந்தையாரும் மறைந்தார்.

பெண்ணின் மணவயது பதினான்குக்குக் குறையலாகாது என்று விதித்த சாரதா சட்டம் 1929இல்தான் இயற்றப்பெற்றது. இராஜலட்சுமியின் மணமோ அதற்குப் பல ஆண்டுகள் முற்பட்டது. கணவன் வீட்டைவிட்டு வந்த சிறுமிக்கு அந்நாளில் ஊர் வகுத்திருந்த இடம், வீட்டின் பின்கட்டு ஒன்றே. அவள் பாடலாகாது, பலர்முன் வரலாகாது, உரக்கச் சிரித்தலும் கூடாது. தாயார் மீனாட்சியம்மாள் அவ்விடத்தில் தம் மகளை இருத்த உடன்படவில்லை. மகளை அழைத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கே இராஜலட்சுமி, சாமண்ணா என்பவர் நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினொன்று. அத்தாயின் துணிவு, மகளின் புகழுக்குள் மறைந்து கிடக்கும் ஒன்று. அதனைத் தனியே எடுத்துக் கூறுதல் தகும்.

அந்நாளைய நாடகக் குழுக்கள் பலவும் சிறுவர்களைக் கொண்டே இயங்கின. பெண் வேடத்தையும் சிறுவர்களே தாங்கினர். அத்தகைய மேடையில் ஒரு பெண்ணே பெண் வேடம் பூண்டு வந்தது புதுமையாக இருந்தது. சங்கரதாசு சுவாமிகள் இயற்றிய 'பவளக்கொடி', 'வள்ளி திருமணம்', 'கோவலன்' போன்ற நாடகங்கள் அக்காலத்தே ஊர்தோறும் விடிய விடிய நடைபெற்றன. ஒலிபெருக்கி இல்லை. மண்ணெண்ணெய் விளக்கொளியில், தரையில் அமர்ந்திருக்கும் கடைசி வரிசை மக்களுக்கும் எட்டுமாறு நடிகர் பாட வேண்டும். இடையே எதிர்நடிகர் எதிர்பாராத கேள்வியொன்றைப் பாட்டாகவே தொடுத்தால், அக்கணமே பாட்டாக விடையிறுக்க வேண்டும். இவ்வாறு இரவுதோறும் பெற்ற பயிற்சியே இராஜலட்சுமியின் கல்வியாயிற்று. அவர் குரல் வலிமை பெற்றது, உச்சரிப்புத் திருத்தமுற்றது, அச்சம் அகன்றது.

1929இல் அ. நாராயணன் என்பவர் சென்னையில் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்னும் படநிறுவனத்தைத் தோற்றுவித்தார். சிவகங்கையைச் சேர்ந்த அவர், அமெரிக்கா சென்று ஆலிவுட்டின் படமனைகளைக் கண்டு திரும்பியவர். அந்நிறுவனம் எடுத்த 'கோவலன்' என்னும் ஊமைப்படத்தில் இராஜலட்சுமிக்கு நடிக்கும் வாய்ப்புக் கிட்டியது. தொடர்ந்து 'உஷா சுந்தரி', 'இராஜேஸ்வரி' முதலிய ஊமைப்படங்களிலும் அவர் நடித்தார்.

இங்கே ஒரு முரண்பாடு கருதத்தக்கது. மேடையில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது குரல். ஊமைப்படத்தில் அக்குரலுக்கு இடமே இல்லை. ஞாயிற்றின் ஒளியை நம்பி நடைபெற்ற அப்படப்பிடிப்பில், படம் பிடிப்பவர் கையால் கருவியைச் சுழற்றுவார். இயக்குநர் அருகில் நின்று உரத்த குரலில் ஆணையிடுவார். நடிப்பவர் அவ்வாணைப்படி கண்ணாலும் கையாலும் கருத்தைப் புலப்படுத்த வேண்டும். மேடை நாடகத்தில் பாட்டின் உருக்கத்தால் கண்ணீர் வரவழைக்கலாம். ஊமைப்படத்தில் அவ்வுதவி இல்லை. விழியின் சிறு அசைவும் திரையில் பெரிதாகத் தெரியும் என்பதனால், மேடையில் வேண்டிய மிகை இங்கே குற்றமாகும். பாடத் தெரிந்த பெண் பாடாமல் நடிக்கக் கற்றார். அக்கல்வியும் வீணாகவில்லை.

1931ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், இந்தியாவின் முதற் பேசும்படமாகிய 'ஆலம் ஆரா' பம்பாயில் வெளியாயிற்று. எடுத்தவர் அர்தேசிர் இரானி. அது இந்துத்தானி மொழிப் படம். திரை பேசத் தொடங்கியதும் ஊமைப்பட உலகின் ஒழுங்கு முழுவதும் ஒரே ஆண்டில் நிலைகுலைந்தது. ஊமைப்படத்துக்கு நாட்டின் எல்லை இல்லை. எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டால் பம்பாயில் எடுத்த படம் இலாகூரிலும் ஓடும், தஞ்சையிலும் ஓடும். பேசும்படமோ ஒரு மொழிக்கு உரியது. மொழி வேண்டுமாயின், அதனைப் பிழையறப் பேசுவோர் வேண்டும். பின்னணிப் பாடகர் இல்லாத அந்நாளில், பேசுவோரே பாடவும் வேண்டும்.

பம்பாயில் புகழின் உச்சியில் இருந்த சுலோசனா என்பவரின் நிலையை இங்கே ஒப்பிட்டுக் காணலாம். அவர்தம் இயற்பெயர் ரூபி மையர்ஸ். யூதக் குடும்பத்தில் பிறந்து, தொலைபேசி நிலையத்தில் பணிபுரிந்து, பின் நடிகையானவர். பம்பாய் ஆளுநரின் ஊதியத்தினும் அவர் ஊதியம் மிகுதி என்று அந்நாளில் பேசப்பட்டது. பேசும்படம் வந்ததும் அவர் திகைத்தார். இந்துத்தானி அவருக்குச் சரளமாக வாராது. சோர்ந்துவிடாமல் ஓராண்டு ஒதுங்கியிருந்து மொழியைக் கற்றார். முன்பு ஊமைப்படமாக வெற்றி பெற்ற தம் 'மாதுரி'யையே 1932இல் பேசும்படமாக நடித்து மீண்டும் வந்தார். அவர் முயற்சி போற்றத்தக்கது. ஆனால், அவரைப் போலத் தேறி வந்தவர்கள் குறைவு. திரைக்கு வெளியே மறைந்தவர்களே மிகுதி.

இராஜலட்சுமிக்கோ அந்த மாற்றம் எதிரிடையாக அமைந்தது. ஒலியற்ற திரையில் நடிக்கப் பழகியிருந்தார். ஒலி நிறைந்த மேடையில் பாடப் பழகியிருந்தார். இரண்டும் அறிந்த தமிழ்ப்பெண் ஒருவரை இரானியார் தேடியபோது, அவருடைய தேர்வு இராஜலட்சுமிமீது விழுந்தது. ஊர் எவற்றையெல்லாம் அப்பெண்ணுக்கு இழுக்கு என்று கருதியதோ, அவையே இப்போது தகுதிகளாயின.

'காளிதாஸ்' பம்பாயில், 'ஆலம் ஆரா' உருவான அரங்கிலேயே எடுக்கப்பெற்றது. இயக்கியவர் எச். எம். ரெட்டி. சூழ்ச்சிக்கு ஆளாகி, எழுத்தறியாத இடையன் ஒருவனை மணக்க நேர்ந்த இளவரசி வித்தியாதரியின் கதை அது. காளியின் அருளால் அவ்விடையனே கவிஞன் காளிதாசனாகின்றான். இளவரசியாக நடித்த இராஜலட்சுமி தமிழில் பேசினார். காளிதாசனாக நடித்த பி. ஜி. வேங்கடேசனார் தெலுங்கில் விடையளித்தார். அரண்மனையில் இரு மொழி உலவியது கண்டு இன்றைய மாணவர் நகைக்கக்கூடும். ஒலிப்பதிவு செய்யத் தெரிந்தவர்கள் பம்பாயில் சிலரே இருந்த அந்நாளில், கிடைத்த நடிகர்களைக்கொண்டு எடுத்த படம் அது. கோயில் பூசாரியாகச் சிறு வேடம் ஏற்ற இளைஞர் ஒருவர், பிற்காலத்தில் பெரும்படத் தயாரிப்பாளராக விளங்கிய எல். வி. பிரசாத் ஆவார்.

படப்பிடிப்பும் எளிதாக இருந்திலது. ஒலிவாங்கியைக் காட்சியில் தெரியாவண்ணம் மறைத்து வைப்பர். வாத்தியக்காரர் கருவியின் பார்வைக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பர். நடிப்பவர் நடந்துகொண்டே பாட வேண்டும். பாட்டு முடியுங்கால் ஒரு சுருதி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊமைப்படத்தில் பயன்பட்ட இயக்குநரின் உரத்த ஆணைக்கும் இங்கே இடமில்லை. நடிகையின் நினைவாற்றலும் மேடைப் பயிற்சியுமே துணை. கதை பழங்காலத்ததாயினும், படத்தில் தியாகராசரின் கீர்த்தனைகளும் காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் பாட்டும் இடம்பெற்றன. உப்பு அறப்போர் நடந்து ஓராண்டே கழிந்திருந்த நேரம். கொட்டகையில் இருந்தோர் அப்பாட்டை எவ்வாறு வரவேற்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இராஜலட்சுமியின் குறத்தி நடனமும் அப்படத்துடன் சேர்த்துக் காட்டப்பெற்றது. 1931 அக்டோபர் 31ஆம் நாள் படம் வெளியாயிற்று. இளவரசியைக் காணவும், அதனினும் மிகுதியாகக் கேட்கவும், மக்கள் திரண்டனர். 'சினிமா ராணி' என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது.

அதன்பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1933இல் கல்கத்தாவில் எடுக்கப்பெற்ற 'வள்ளி திருமணம்' பெருவெற்றி பெற்றது. அதனை எடுப்பித்தோருள் ஒருவர், கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கிய அதே சாமிக்கண்ணு வின்சென்டே. இராஜலட்சுமி சிறுவயதில் மேடையில் கண்டும் பாடியும் பழகிய கதை இப்போது திரையில் அவருக்குக் கைகொடுத்தது. உடன் நடித்த டி. வி. சுந்தரம் என்பவரை அவர் மணந்துகொண்டார். இம்முறை மணம் அவர் விருப்பப்படி நிகழ்ந்தது.

பிறர் எழுதிய கதையில், பிறர் சொற்படி நடித்தல் மட்டுமே பெண்ணுக்கு உரியது என்பதனையும் அவர் ஏற்கவில்லை. 'கமலவல்லி' என்ற நாவலை எழுதினார். அந்நாவலைத் தழுவி 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே எடுத்து, தாமே இயக்கி, தாமே நடித்து 1936இல் வெளியிட்டார். புராணக் கதைகளே மலிந்திருந்த காலத்தில் அது தம் காலத்துப் பெண்ணொருத்தியின் கதையைச் சொன்னது. வட இந்தியாவில் பாத்திமா பேகம் 1926இல் ஓர் ஊமைப்படத்தை இயக்கி, இந்தியாவின் முதற்பெண் இயக்குநர் என்ற பெயர் பெற்றிருந்தார். தென்னாட்டில் அப்பெருமை இராஜலட்சுமியைச் சாரும். நாராயணனின் மனைவி மீனா என்பவரும் அக்காலத்தே ஒலிப்பதிவுத் தொழிலைக் கற்றுத் தம் கணவரின் படமனையில் பணிபுரிந்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கருவியின் முன் நிற்கவே பெண்கள் அஞ்சிய காலம் போய், கருவியின் பின்னும் பெண்கள் வந்து நிற்க ஏறத்தாழ இருபது ஆண்டுகளே பிடித்தன.

பின்னர் 'மதுரை வீரன்' என்ற படத்தையும் இராஜலட்சுமி உருவாக்கினார். திரைக்கு வெளியிலும் அவர் செயல் பேச்சுக்கு முற்பட்டே நின்றது. பிறந்தவுடன் மாய்க்கப்பட இருந்த பெண்மகவொன்றை மீட்டுத் தம் மகளாகவே வளர்த்தார். சிறுவயதில் தாம் பட்டதை மறவாதவர் செய்யும் செயல் அது. காலப்போக்கில் புதிய நடிகையர் பலர் வந்தனர். படத்தொழில் பெருமுதல் வேண்டும் தொழிலாயிற்று. அவர் மெல்ல ஒதுங்கினார். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'இராஜரங்கம்' என்னும் இல்லத்தில் வாழ்ந்த அவருக்கு, 1961இல் மாநிலத்தின் கலைவிருது வழங்கப்பெற்றது. 1964இல் அவர் காலமானார்.

அதே 1964ஆம் ஆண்டில்தான் பழம்படங்களைத் தேடிக் காப்பதற்கெனப் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இயல்புடைய பொருளால் ஆனவை; வெப்பத்தில் தாமே நைந்து பொடியாகும். ஓடி முடிந்த படத்தைப் போற்றி வைக்க எவரும் எண்ணவில்லை. சுருளில் கலந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பல படங்கள் அழிக்கப்பெற்றன. தென்னிந்திய ஊமைப்படங்களில் இன்று காணக் கிடைப்பது, நாகர்கோயிலைச் சேர்ந்த சுந்தர்ராசு என்பவர் எடுத்து 1933இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே எனலாம். அதன் இயக்குநர், 'வள்ளி திருமணம்' படத்தையும் இயக்கிய பி. வி. ராவ். அப்படம் தப்பிய கதை வேடிக்கையானது. நாவலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்துப் படத்தைத் தடுத்தது. ஓடாத அப்படத்தின் சுருள்கள் அப்புத்தகக் கடையிலேயே கிடந்தன. 1974இல் காப்பகத்தார் அவற்றைக் கண்டெடுத்தனர். மக்கள் மகிழ்ந்து பார்த்த படங்கள் அழிந்தன. எவரும் பார்க்கவொட்டாமல் முடக்கப்பெற்ற படம் பிழைத்தது.

இராஜலட்சுமி நடித்த ஊமைப்படங்களுள் எதுவும் அவ்வாறு பிழைக்கவில்லை. தேங்காய் உடைத்து எதிர்கொள்ளப்பெற்ற 'காளிதாஸ்' படத்தின் சுருளும் இன்று இல்லை. சில நிழற்படங்களும் விளம்பரங்களும் அந்நாளைய நாளேடுகளின் குறிப்புகளும் எஞ்சியுள்ளன. நிழற்படத்தில் இளவரசி வித்தியாதரியின் கோலத்தைக் காணலாம். திரையில் முதன்முதல் தமிழ் பேசிய அக்குரலை, கினிமா சென்ட்ரலில் அன்று கூடியிருந்தவர்கள் கேட்டார்கள்.